அவுட்போர்டு மோட்டாரைச் சூடாகாமல் வைத்துக்கொள்வது எப்படி?

கார் எஞ்சினில் இருக்கும் ரேடியேட்டர், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டாரான அவுட்போர்டில் கிடையாது. படகு எந்தத் தண்ணீரில் நிற்கிறதோ அதையே கியர் கேஸில் (புரொப்பல்லர் இருக்கும் அடிப்பகுதி) உள்ள சல்லடை வழியாக உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். அப்படியென்றால் புதுச்சேரி தேங்காய்த்திட்டில் கிடக்கும் சேறு, கடலூர் முதுநகர் முகத்துவாரத்து மணல், சுண்ணாம்பாற்றில் மிதக்கும் கேரி பேக் எல்லாமே உள்ளே போகப் பார்க்கும்.

ஸ்டார்ட் செய்ததும் முதலில் பார்க்க வேண்டியது, மோட்டாருக்குப் பின்னால் சின்னத் துளையிலிருந்து பீய்ச்சி வருகிற தண்ணீர். சில விநாடிகளில் வந்துவிட வேண்டும். கையை நீட்டிப் பாருங்கள்: ஆரம்பத்தில் குளிர்ச்சியாக இருந்து போகப்போக வெதுவெதுப்பானால் சரி, கை வைக்க முடியாத சூடோ ஆவியோ வந்தால் சரியில்லை. தண்ணீரே வரவில்லையா, யோசிக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள். கரையில் பல நாள் சும்மா கிடந்த மோட்டாராக இருந்தால் அந்தத் துளையிலேயே உப்பு கட்டியிருக்கும், இல்லையென்றால் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். தடிமனான தங்கூஸ் நரம்பை விட்டுக் குத்தினால் போதும், கம்பி வேண்டாம், முறிந்து உள்ளே நின்றுவிட்டால் அது தனி வேலை. அப்புறம் மோட்டாரைத் தூக்கிச் சல்லடையில் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சுத்தம் என்றால் சந்தேகம் இம்பெல்லர் மேல்தான், அதாவது தண்ணீரை மேலே ஏற்றும் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இதழ் சக்கரம்.

இன்னொன்று: துளையில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூடு அலாரம் கத்துகிறது என்றால் பம்ப் வேலை செய்கிறது, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பல மாடல்களில் அந்தத் துளைக்குப் போகிற தண்ணீர் தெர்மோஸ்டாட்டைத் தாண்டாமலே பிரிந்துவிடும், அதனால் அதை மட்டும் நம்பி அலாரத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

முகத்துவாரத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது மோட்டாரை அரைகுறையாகத் தூக்கி வைத்து, மணலைக் கிளறிக்கொண்டு ஏறிவிடலாம் என்று பலர் பார்க்கிறார்கள். கலங்கிய மணல் இம்பெல்லரின் ரப்பரையும் அதன் கூட்டையும் தேய்த்துவிடும். அதிகமாகத் தூக்கினாலோ சல்லடை தண்ணீருக்கு மேலே வந்து பம்ப் காற்றை இழுக்கும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளுவதே மேல்.

உப்புத் தண்ணீரில் போய்வந்தால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதுதான் நம்மூரில் கேள்வி. கடலோரத் தெருக்களில் நிறைய போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும், அதை மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் உப்பை எடுத்து உப்பை விட்ட கதைதான். குடிக்க முடிகிற தண்ணீர் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சல்லடையின் இரு பக்கமும் ஹோஸ் பொருத்திய ரப்பர் கப்பை மாட்டி, முதலில் குழாயைத் திறந்து, அதற்குப் பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் இம்பெல்லர் கருக அதிக நேரம் ஆகாது. நியூட்ரலில், ஐடிலில் மட்டும் ஓடட்டும். புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை விடுங்கள், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நிறுத்தினால் உள்பக்கம் உப்பு அப்படியே இருக்கும். நிறுத்தும்போது எஞ்சின் முதலில், குழாய் பிறகு. மோட்டாரை நேராக நிறுத்தினால் மிச்சத் தண்ணீர் வடிந்துவிடும். ஹோஸ் மாட்டத் தனி வாய் உள்ள மாடல் என்றால் கையேட்டைப் பாருங்கள், பலவற்றில் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

இம்பெல்லரை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நம்ம மணலுக்கு அதிகமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மெக்கானிக்குகள் கையில் பெரிய படகு வேலை குவிந்துவிடும், அதனால் சின்னப் படகுக்காரர்கள் பங்குனியிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கியர் கேஸைக் கீழே இறக்கினால் ஷாஃப்டில் பம்ப் தெரியும். இதழ்கள் ஒரே பக்கம் மடிந்து விறைத்திருந்தாலோ, நுனியில் வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஒரு இதழ் உடைந்து காணோம் என்றால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள், அது மேலே தண்ணீர் போகும் பாதையில் எங்கோ உட்கார்ந்திருக்கும். புதியதைப் போடும்போது சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்ட் சுற்றும் திசையிலேயே திருப்பி உள்ளே இறக்குங்கள், சாதாரண கிரீஸ் சில ரப்பர்களை ஊதவைத்துவிடும். இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு (கீ) தரையில் விழுந்து மணலில் போனால் அன்றைய வேலை அத்தோடு நின்றது, கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால் திறப்பது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான அவுட்போர்டுகளில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் திறக்கும். கார் தெர்மோஸ்டாட்டைவிட இது ரொம்பக் குறைவு, காரணம் கடல்நீர் அதிகம் சூடானால் உள்ளே படிவு கட்டும். சூடாகிறதே என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வு இல்லை, எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது.

மோட்டார் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டிதான் ஆனோடு. அது பாதி கரைந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள், அடித்தால் அது இருந்தும் இல்லாததுதான். கெடிலம், உப்பனாறு மாதிரி உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்திலேயே படகு கிடக்கிறது என்றால் ஸிங்க்கைவிட அலுமினியம் நல்லது.

உள்ளே எஞ்சின் வைத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினில் சுற்றும் கூலன்ட்டைக் கடல்நீரால் குளிரவைக்கும் பாகம்) உள்ள படகு என்றால் கிளம்பும் முன் கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, அந்த நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் குப்பை இருக்கிறதா, பெல்ட் தொய்ந்திருக்கிறதா, கூலன்ட் அளவு சரியா என்று பாருங்கள். கூலன்ட் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. புகையோடு தண்ணீரும் சேர்ந்து வெளியேறும் வகை எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், சுற்றிக்கொண்டே இருக்காமல் வால்வை மூடிவிட்டு முயலுங்கள், இல்லாவிட்டால் புகைக்குழாயில் தேங்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். ஸ்டார்ட் ஆன உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும்.