எலியின் பதற்றம் மரபணுவாலா, குடல் பாக்டீரியாவாலா? ஆய்வுகளைப் படிக்கும்போதும் செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்ப்-சி என்ற ஆய்வக எலி இனம் பயந்த சுபாவத்துக்குப் பேர்போனது. என்ஐஎச் ஸ்விஸ் இனம் துணிந்து சுற்றிப் பார்க்கும். இனம் வேறு, குணம் வேறு, ஆகவே காரணம் மரபணுதான் என்று முடிவு கட்டிவிடுவது முதல் தவறு. 2011-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த இவ்விரு இன எலிகளில், ஒன்றின் குடல் நுண்ணுயிர்களை மற்றதற்குக் கொடுத்துப் பார்த்தது. பயந்த இனம் துணிவு பெற்றது. துணிந்த இனம் தயங்கியது. அதே ஆய்வில் ஆண்டிபயாட்டிக்கும் எலிகளின் நடத்தையை மாற்றியது. மருந்தே மூளையைப் பாதித்திருக்கலாமே என்ற சந்தேகத்தைத் தீர்க்க, நுண்ணுயிரற்ற எலிகளுக்கும் அதைக் கொடுத்தார்கள், மாற்றம் இல்லை. இந்தச் சரிபார்ப்பு இல்லாத ஆண்டிபயாட்டிக் ஆய்வை நம்பக் கூடாது.

இதை வைத்துக்கொண்டு மரபணுவுக்கு வேலையே இல்லை என்பதும் தவறு. குடலின் சளிப்படலம், நோய் எதிர்ப்பு, பித்த அமிலங்கள் எல்லாம் மரபணுவின் பிடியில் இருப்பவை. எந்த பாக்டீரியா குடலில் தங்கும் என்பதை அவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

என் பார்வையில் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது கூண்டை மறப்பதுதான். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். அதனால் ஒரே கூண்டில் வாழ்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றுபோல ஆகிவிடும். ஆய்வுக்காக ஒரு மரபணுவை நீக்கிய எலிகளை ஒரு கூண்டிலும் சாதாரண எலிகளை இன்னொன்றிலும் வைத்து ஒப்பிட்டால், தெரிவது மரபணுவின் வித்தியாசமா கூண்டின் வித்தியாசமா என்று யாராலும் பிரிக்க முடியாது. 2 கூண்டுகளில் 12 எலிகள் இருந்தால், நுண்ணுயிர்க் கணக்கில் அவை 12 தனி மாதிரிகள் அல்ல. ஏறக்குறைய 2 தான். எலியை எங்கே வாங்கினோம் என்பதும் முக்கியம். ஜாக்சன், டகோனிக் என்ற இரு அமெரிக்க நிறுவனங்களிலிருந்து வந்த ஒரே சி57 பிளாக் 6 இனத்தின் குடலில்கூட வேறுபட்ட பாக்டீரியா இருந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரே ஈற்றில் பிறந்த, மரபணு நீக்கிய குட்டிகளையும் சாதாரணக் குட்டிகளையும் ஒப்பிடுவதே நல்ல வழி. ஆனால் அவற்றை எப்போதும் சேர்த்தே வளர்த்தால், அந்த மரபணுவே நுண்ணுயிர்களில் உண்டாக்கும் மாற்றம் மறைந்துவிடும். அதனால் பால்குடி மறந்த பின் சில குட்டிகளைச் சேர்த்தும், சிலவற்றை மரபணு வாரியாகப் பல கூண்டுகளில் பிரித்தும் வளர்த்து, இரண்டு முடிவுகளையும் பார்க்க வேண்டும். செலவு கூடும்தான், ஆனால் இதைத் தவிர்த்தால் கேள்விக்கே பதில் கிடைக்காது.

அளவீட்டிலும் இடறல் உண்டு. உயரத்தில் வைத்த கூட்டல்குறி வடிவப் பாதையில், சுவரில்லாத கிளைகளில் எலி எவ்வளவு நேரம் உலாவுகிறது என்று பார்ப்பார்கள். அதிக நேரம் உலாவினால் பதற்றம் குறைவு என்பது கணக்கு. இதையும் மன அழுத்த ஹார்மோனையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 2004-இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக ஆய்வில், அசைய முடியாமல் அடைத்துவைக்கப்பட்ட நுண்ணுயிரற்ற எலிகளுக்கு அந்த ஹார்மோன் மிகையாக எகிறியது. 2011-இல் வந்த ஆய்வுகளிலோ அத்தகைய எலிகள் பாதையில் பதற்றம் குறைந்தே நடந்துகொண்டன. எலியைக் கையாளும் ஆளும் கணக்கில் வர வேண்டும்: ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிக்கு அழுத்தம் தருகிறது என்று 2014-இல் தெரியவந்தது.

கடைசித் தவறு, எலியிலிருந்து நேரே மனிதருக்குத் தாவுவது. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜேபி-1 என்ற பாக்டீரியாவைக் கொடுத்த பால்ப்-சி எலிகளின் பதற்றம் குறைந்தது; குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டினால் அந்தப் பலன் போய்விட்டது. இது 2011-இல் வந்த அருமையான ஆய்வு. அதே பாக்டீரியாவை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில், மன அழுத்தத்திலும் பதற்றத்திலும் போலி மாத்திரையைவிட அது எந்தப் பலனும் தரவில்லை.