சிவியாரிட்டி ஸ்கோர் வெச்சு தீசிஸ் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பாண்டியிலயும் கடலூர்ப் பக்கமும் பிஜி படிக்கிற டாக்டர்ங்க அடிக்கடி எடுக்குற தீசிஸ் டாபிக் ஒண்ணு இருக்கு. பேஷண்ட் வந்ததும் நிலைமை எவ்ளோ மோசம்னு ஒரு ஸ்கோர் போட்டு, பொழைப்பாரா மாட்டாரான்னு அந்த ஸ்கோர் சரியா சொல்லுதான்னு பாக்குறது. நம்ம ஊருக்கு ரொம்ப தேவையான ஆராய்ச்சிதான், ஆனா ஸ்கோர் எத்தன மணிக்கு எடுத்தது, அதுக்கு முன்னாடி என்ன ட்ரீட்மெண்ட் போச்சுன்னு எழுதாம வெறும் நம்பரை மட்டும் எக்செல்ல ஏத்துனா அதுல ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாது.

பூச்சி மருந்து கேஸையே எடுத்துக்குவோம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம்னு எல்லாம் விவசாய பூமி, ஆர்கனோபாஸ்பேட் குடிச்சு வர்றவங்க நம்ம கேஷுவாலிட்டிக்குப் புதுசில்ல. இதுக்கு இலங்கைல 1993ல கொண்டு வந்த பெரடேனியா ஸ்கேலைத்தான் நிறைய பேர் எடுக்குறாங்க. பியூபில் (கண்மணி), மூச்சு, பல்ஸ், தசை துடிக்கிறது, நினைவு, இந்த அஞ்சுக்கும் 0ல இருந்து 2 வரைக்கும் மார்க், வலிப்பு வந்திருந்தா இன்னும் 1, ஆக மொத்தம் 11. 3 வரைக்கும் மைல்டு, 4ல இருந்து 7 மாடரேட், அதுக்கு மேல சிவியர்.

இப்ப ஒருத்தர் பிஹெச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) வரும்போது பியூபில் ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு, அதுக்கு 2. பல்ஸ் 52, அதுக்கு 1. மூச்சு நிமிஷத்துக்கு 24, தசை அங்கங்க துடிக்குது, கூப்பிட்டா சரியா பதில் வரல, இதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு. மொத்தம் 6. அங்கயே அட்ரோபின் (பியூபிலை விரிச்சு பல்ஸை ஏத்துற மாத்து மருந்து) போட்டு 108ல ஏத்தி ரெஃபர் பண்றாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பியூபில் விரிஞ்சிடுச்சு, பல்ஸ் 110. நீங்க ஃபார்ம்ல எழுதுறது 3, அதாவது மைல்டு. உள்ள போன விஷம் அதேதான். நாலு நாள் கழிச்சு அவர் வென்டிலேட்டர்ல இருந்தா "இந்த ஸ்கேல் சரியில்ல"ன்னு முடிவுரை எழுதிடுவீங்க, பாவம் ஸ்கேல் என்ன பண்ணும்? அதனால ஃபார்ம்லயே அட்ரோபின் முன்னாடி போட்டாங்களா, எத்தன மில்லிகிராம், எத்தன மணிக்குன்னு தனிக் கட்டம் வேணும், ரெஃபரல் சீட்டை போட்டோ புடிச்சு வெச்சுக்கங்க, ரெஃபர் ஆகி வந்தவங்களையும் நேரா வந்தவங்களையும் தனித்தனியா அனலைஸ் பண்ணுங்க.

ஐசியூல அபாச்சி 2ன்னு சிவியாரிட்டி ஸ்கோர் போடுறவங்களுக்கும் இதே சிக்கல்தான். 1985ல வந்த ஸ்கோர், முதல் 24 மணி நேரத்துல 12 அளவுகள்ல எது மோசமோ அத எடுக்கணும், ஆனா கடலூர் ஜிஹெச்ல ரெண்டு நாள் பாத்து பிபியை ஏத்தி ஜிப்மருக்கு அனுப்புனவருக்கு அந்த 24 மணி நேரம் எதுல இருந்து ஆரம்பிக்குது? அத ப்ரோட்டோகால்லயே எழுதிடணும்.

இதவிட எனக்கு மனசு கேக்காத விஷயம் ஒண்ணு. எடுக்காம விட்ட டெஸ்ட்டுக்கு நார்மல்னு வெச்சு 0 போடுறது வழக்கம். வந்து ரெண்டு மணி நேரத்துல இறந்துபோனவருக்கு ஏபிஜி (ரத்தத்துல ஆக்சிஜன், அமில அளவு பாக்குற டெஸ்ட்) கூட வந்திருக்காது, அப்ப வார்டுலயே ரொம்ப மோசமா இருந்தவருக்கு ஸ்கோர் கம்மி! இல்லன்னா "டேட்டா முழுசா இல்ல"ன்னு அவரையே லிஸ்ட்ல இருந்து தூக்கிடுறாங்க, அதுவும் அதே தப்புதான். எத்தன பேருக்கு எந்த டெஸ்ட் இல்ல, ஏன் இல்லன்னு கண்டிப்பா எழுதுங்க.

ஈசிஆர்ல பைக் ஆக்சிடென்ட் கேஸுக்கு ஜிசிஎஸ் (நினைவு எவ்ளோ இருக்குன்னு பாக்குற ஸ்கோர்) போடும்போது மொத்தத்த மட்டும் எழுதாதீங்க, கண்ணு, பேச்சு, அசைவு மூணையும் தனித்தனியா எழுதுங்க. தொண்டைல மூச்சு டியூப் போட்டவருக்குப் பேச்சு 1னு போட்டுக் கூட்டக்கூடாது, பாக்க முடியலன்னுதான் எழுதணும். சரக்கு வாடை இருந்தா அதையும் எழுதிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. சிப்காட் பக்கம் வேலை பாக்குற வடநாட்டுத் தம்பிகிட்ட "நாக்க நீட்டுப்பா"ன்னு தமிழ்ல சொல்லிட்டு அவர் செய்யலன்னா அசைவுக்கு 6ல 5 போட்டுடுறாங்க, அவருக்குப் புரியவே இல்லைங்க. ஹிந்தில ரெண்டு வார்த்த கத்துக்கங்க, இல்லன்னா செஞ்சு காட்டுங்க.

அடிபட்டது எவ்ளோ மோசம்னு பாக்குற ஐஎஸ்எஸ் ஸ்கோர்ல வேற மாதிரி தப்பு. உடம்ப ஆறு பகுதியா பிரிச்சு, ஒவ்வொரு காயத்துக்கும் எவ்ளோ மோசம்னு மார்க் போட்டு, அதிகமா அடிபட்ட மூணு பகுதில இருந்து ஒவ்வொரு மார்க்கா எடுத்து வர்க்கம் பண்ணிக் கூட்டணும். ரெண்டு தொடையெலும்பும் உடைஞ்சு ஒவ்வொண்ணுக்கும் மார்க் 3னாலும் ஒரே பகுதிதான், 9 மட்டும்தான் வரும், 18 வராது (18 வேணும்னா அது பகுதி பாக்காம ரொம்ப மோசமான மூணு காயத்த எடுக்குற என்ஐஎஸ்எஸ், அத எடுத்தா அந்தப் பேர்லயே போடுங்க). மூணு பகுதில 5, 1, 1னு மார்க் வாங்குனவருக்கும் மொத்தம் 27தான்; 3, 3, 3னு வாங்குனவருக்கும் மொத்தம் 27தான்; ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி இல்ல. 7, 15லாம் இந்தக் கணக்குல வரவே வராது, உங்க ஷீட்ல 15 இருந்தா யாரோ தப்பா கூட்டியிருக்காங்க. சராசரி போடாம மீடியன் போடுங்க.

இதையெல்லாம் ராத்திரி டியூட்டில இருக்குற சிஆர்ஐதான் (ஹவுஸ் சர்ஜன்) ஃபில் பண்ணப் போறாரு, அதனால டேட்டா எடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேஷண்டுகள நீங்களும் அவரும் ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் பாக்காம ஸ்கோர் பண்ணி கப்பா (ரெண்டு பேர் போட்டதும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு காட்டுற அளவு) பாருங்க, ஒத்து வரலன்னா உக்காந்து ஃபார்ம மாத்திட்டு எத்திக்ஸ் கமிட்டிக்கு அந்த மாத்துன ஃபார்மையே குடுங்க.