பட்டாவுக்கு முந்தைய கதை: தமிழ்நாட்டில் ஒரு நிலத்தின் பூர்வீகத்தை அறிவது எப்படி

நிலம் வாங்க நினைப்பவரும், பாட்டன் சொத்தில் தம் பங்கைத் தேடுபவரும் முதலில் கையில் எடுப்பது பட்டா, சிட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் ஆகிய மூன்றையும்தான். இவை நிலத்தின் இன்றைய நிலையைக் காட்டும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வயல்களில் ஒன்றை நாளையே விற்க முடிகிறது, மற்றொன்றை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியின்றி விற்க முடியவில்லை என்றால், அந்த வேறுபாட்டின் காரணத்தை அந்த மூன்று தாள்களில் மட்டும் தேடிப் பயனில்லை. எவருக்கு, எதற்காக, எந்த நிபந்தனையுடன் அந்த நிலம் முதலில் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, அந்தக் கிராமம் 1948-க்கு முன் எந்த முறையின் கீழ் இருந்தது என்பதை அறிவது. பாரமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உருவாக்கிய ரயத்துவாரி முறையில், அரசு உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கியது. 1802-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ராமநாதபுரம், சிவகங்கை போன்ற பகுதிகள் ஜமீன்களாயின. கோயில்கள், மடங்கள், அந்தணர்கள், கிராமப் பணியாளர்கள் ஆகியோருக்கு மானியமாக விடப்பட்டவை இனாம்கள். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்களும், 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களால் எஞ்சிய இனாம்களும் ரயத்துவாரியாக மாற்றப்பட்டன. மாறிய காலத்தில் எழுதப்பட்ட செட்டில்மென்ட் பதிவேட்டில் யார் பெயருக்குப் பட்டா கொடுக்கப்பட்டது என்பதே ஜமீன், இனாம் கிராமங்களில் உரிமைக்கு வேர். அதன் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்டப் பதிவறையிலும் கேட்டுப் பெறலாம். அங்கே இல்லையெனில் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும்.

இனாம் என்று தெரிந்ததும் பலர் அதைக் கோயில் நிலம் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு எப்போதும் சரியாக இருப்பதில்லை. பழைய முறையில் ஒரே வயலின் மீது இரண்டு உரிமைகள் இருந்தன: விளைச்சலில் அரசுக்குச் சேர வேண்டிய பங்கு மேல்வாரம், உழுது பயிரிடுபவரின் உரிமை குடிவாரம். மன்னரோ பாளையக்காரரோ கோயிலுக்கு மேல்வாரத்தை மட்டும் எழுதி வைத்திருந்தால், நிலம் உழவர் குடும்பத்திடமே இருந்தது. கோயிலுக்கு வந்தது வருவாய் மட்டுமே. இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தால் நிலமே கோயிலுடையது. அவ்வாறான நிலத்தை 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் முன் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் இயலாது. எந்த வகை என்று பிரித்தறிய, 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் யார், என்ன பணிக்காகக் கொடுத்தார், அப்போது அனுபவத்தில் இருந்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் அதற்குப் பெரிய மதிப்பு அளிக்கின்றன. மொத்தத் தேடலில் அதிக நேரத்தைச் செலவிடத் தகுந்த ஆவணம் இதுவே என்பது என் கருத்து.

அடுத்தது அ-பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் இந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வரி உண்டு. பழைய புல எண், ரயத்துவாரியா இனாமா என்ற குறி, நஞ்சையா புன்சையா புறம்போக்கா என்ற வகை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவை அந்த வரியில் இருக்கும். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் வாயில் யூ.டி.ஆர். என்று வழங்கும் பணியில், இப்பதிவேடு புதிதாக எழுதப்பட்டது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டுவிட்டதால், வயல்களின் கதையை வாய்ப்பாடமாக அறிந்தவர்கள் அலுவலகத்தை விட்டு வெளியேறிய காலமும் அதுவே. பெயர் மாறியது, உட்பிரிவு தவறியது, பரப்பு குறைந்தது என்று இன்றுவரை வரும் புகார்களில் பல அந்தப் பணியில் தொடங்கியவை. எனவே யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் பிந்தையதையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருப்பதையும் மறக்கக் கூடாது.

பழைய பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் டி.சி. (Depressed Classes, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்றோ பஞ்சமி என்றோ இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. முதல் பத்து ஆண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது, அதன் பின்னும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இடையில் எத்தனை கைகள் மாறியிருந்தாலும் நிபந்தனை மீறப்பட்டிருந்தால் அரசு நிலத்தை மீட்கலாம். இன்றைய கணினிப் பட்டாவில் இந்தக் குறிப்பு பெரும்பாலும் காணப்படுவதில்லை.

பத்திரங்களைப் படிக்கும்போது சொத்து விவரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். "ஏரிக்கரைக்குத் தெற்கு, மாமூல் வாய்க்காலுக்கு வடக்கு" என்றிருந்தால் ஏரிக்கரை நிலத்தின் வடக்கு எல்லை, வாய்க்கால் தெற்கு எல்லை. புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு. "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உட்பட" என்ற சொற்கள் மூலப் பத்திரத்தில் இருந்து, பிந்தைய பத்திரத்தில் காணாமற்போயிருந்தால், பக்கத்து நிலத்துக்காரருடன் வழக்கு வருவதற்கு அந்த ஒரு விடுபாடு போதும்.

நிலத்தை யார் சாகுபடி செய்தார் என்பதற்கு அடங்கலைப் பார்க்க வேண்டும். கிராமக் கணக்கு எண் 2 எனப்படும் இதில் பயிர் விவரம் பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டுவாரியாக இருக்கும். பசலி ஜூலை முதல் நாள் தொடங்கும்; 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1390 என்றால் 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. பட்டா ஒருவர் பெயரிலும் சாகுபடி வேறொருவர் பெயரிலும் பல பசலிகளுக்குத் தொடர்ந்தால், குத்தகைதாரர் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடுவதில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்பட்ட குத்தகைதாரர் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகக் குடும்பம். வாய்மொழியாகப் பாகம் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உழுதுவருவதும், சீர் கொடுத்தாயிற்று என்று பெண்மக்களின் பெயரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் ஊர் வழக்கம். சட்டம் அந்த வழக்கத்தை ஏற்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அந்த நாளுக்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்களித்தது. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் அதில் சேர்த்தது. ஆகவே வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பாகப்பிரிவினைப் பத்திரத்துடனோ, தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துடனோ ஒப்பிட வேண்டும். கையொப்பம் இல்லாத அத்தையோ சகோதரியோ இருந்தால், அவரை நேரில் கண்டு பேசி, பதிவு செய்யப்பட்ட பத்திரம் பெற்ற பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.