வாடை வருமுன் வீட்டில் நாம் செய்கிற தப்புகள்

ஐப்பசி பிறந்தால் என் போன் ஓயாது. "அண்ணே, இன்வெர்ட்டர் கத்திக்கிட்டே இருக்கு." "அண்ணே, பழைய ஜெனரேட்டர் ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமா?" ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடம் வரை 22 வருசமாக வயரிங் வேலை பார்க்கிறேன். புதுசாக வீடு கட்டியவர்களும் புதுசாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் செய்கிற தப்புகளில் பாதி, நானே செய்து முடித்தவை. அதனாலேயே பார்க்கும்போது கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

டார்ச், மெழுகுவத்தி, செல்போன் சார்ஜ், ரேஷன் கார்டைப் பாலிதீன் பையில் கட்டி வைப்பது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டு அப்பத்தாவுக்கே தெரியும்.

புயலுக்குப் பேர் வைக்கட்டும் என்று காத்திருப்பது

2024 நவம்பர் 20-ம் தேதி புயலும் இல்லை, பேரும் இல்லை. ஆனால் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாம்பனில் 28. அதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் பெய்த மழை. அதற்கு முன்னால் 2020 டிசம்பரில் புரெவி. திரிகோணமலைப் பக்கம் கரை ஏறி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, நம் கரையோரம் வலுவிழந்து நின்றுவிட்டது. "புயல் பலவீனம்" என்று டிவியில் சொன்னதும் நிம்மதியாகப் படுத்தவர்கள் உண்டு. நின்ற இடத்திலிருந்தே அது ஊற்றித் தள்ளியது.

ஆக, பாம்பனில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து தூக்குவேன் என்றால் நேரம் இருக்காது. புரட்டாசியிலேயே ஹாலோ பிளாக் அடுக்கி முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று. காற்று வருமுன்பே கரண்ட் போய்விடுகிறது என்று இபி ஆபிஸைத் திட்டுகிறோம். ஆடி, ஆவணிக் காற்றில் கடல் உப்பு, கம்பத்தில் வயரைத் தாங்குகிற இன்சுலேட்டர்களில் படிந்து கிடக்கும். முதல் தூறலில் அந்த உப்பு நனைந்ததும் பொறி பறந்து லைன் டிரிப் ஆகும். பெருமழை வந்து கழுவிவிட்டால் சரியாகும், தூறல்தான் ஆகாது. இந்தக் கரையில் இருக்கும்வரை இது உண்டு.

இரண்டு தலை வயர்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன்.

போன வாரம் தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் மலேசியாவில். இங்கே அம்மாவும் கல்லூரி போகிற மகளும்தான். போர்டிகோவில் சின்ன ஜெனரேட்டர். அதன் மேல் ஒரு வயர் அழகாகச் சுருட்டித் தொங்கியது. இரண்டு முனையிலும் 16 ஆம்பியர் பிளக். இரண்டிலும் பின். எனக்கு முன்னால் வேலை பார்த்த பையன் செய்து கொடுத்தது. ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறுமுனையை ஏசிக்கு வைத்திருக்கிற சாக்கெட்டில் செருகினால் வீடு முழுக்க எரியும். தனி வயரிங் வேண்டாம், செலவு இல்லை. பையனுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

போன் போட்டுக் கேட்டேன். "மெயினை இறக்கிட்டுத்தான் போடணும்னு அம்மாகிட்ட தெளிவாச் சொல்லியிருக்கேண்ணே."

மெயின் இருப்பது வாசலுக்கு வெளியே, மீட்டர் பக்கத்தில். ராத்திரி ஒரு மணி, சாரல் முகத்தில் அடிக்கிறது, கையில் டார்ச். ஒருமுறை இறக்குவார். பத்துமுறையும் இறக்குவாரா?

இறக்காவிட்டால் என்ன ஆகும்? ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாக சர்வீஸ் வயரில் ஏறி கம்பத்துக்குப் போகும். தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிற பெட்டி. அதே பெட்டிக்குக் கீழேயிருந்து கரண்டை ஏற்றினால் மேலே ஆயிரக்கணக்கில் வோல்ட் கிளம்பும். அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்கிற பேதம் கிடையாது.

"ஊர் லோடை இந்தச் சின்ன மிஷின் தாங்குமாண்ணே? உடனே டிரிப் ஆயிரும்ல?" என்றான். தொழில் தெரிந்த கேள்விதான். நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன். லைன் முழுசாக இருந்தால் டிரிப் ஆகும். ஆனால் புயலில் லைன் முழுசாக இருக்காது. உங்கள் வீட்டுக்கு இரண்டு கம்பம் தள்ளித் தென்னை விழுந்து வயர் அறுந்தால், அந்தத் துண்டில் லோடே கிடையாது. ஜெனரேட்டர் ஒரு சிணுங்கலும் இல்லாமல் ஓடும். அறுந்து கிடக்கிற வயரில் 230 வோல்ட் இருக்கும். தெருவே இருட்டு, எல்லோரும் கரண்ட் இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு நடந்தது இதேதான். தொழிலுக்கு வந்து நாலாவது வருசம், கார்த்திகை மாசம், அக்கா வீட்டில். இரண்டு தலை வயர் நானே செய்தது. மெயினையும் இறக்கினேன். அந்த வீட்டில் கீழுக்கும் மாடிக்கும் தனித்தனி மீட்டர். அவசரத்தில் நான் இறக்கியது மாடி மெயினை. ஃபேன், லைட், டிவி எல்லாம் ஓடியது. மச்சான் என் முதுகில் தட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத் தெருவில் படீரென்று ஒரு சத்தம். உள்ளே ஜெனரேட்டர் முனகி நின்றது.

லைன்மேன் தென்னையை வெட்டி ஒதுக்கிவிட்டு, வயரில் கை வைக்குமுன், வயரைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு போட்டிருக்கிறார். பொறி அதில் போனது. வயர் போன வழியே பார்த்துக்கொண்டு நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெனரேட்டரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அக்கா கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். போகும்போது அந்த வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் எர்த் ராடு போடுகிற ஆளாக இருந்தது எங்கள் நல்ல நேரம். அவ்வளவுதான்.

இந்த வயரில் இன்னும் இரண்டு வினை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர்ப் பக்கப் பிளக் கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பின்னில் கரண்ட் இருக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் நினைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போதே லைன் கரண்ட் திரும்பி வந்தால் இரண்டும் மோதி ஜெனரேட்டர் காயில் வெந்துவிடும்.

வேண்டியது ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் லைன், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் சேர வழியே இல்லை. யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம். "டபுள் போல்" என்று கேட்டு வாங்குங்கள், அது இரண்டு வயரையும் பிரிக்கும். கரண்ட் வருகிற பேஸ் வயர் மட்டும் பிரிந்தால் போதாது, திரும்பிப் போகிற நியூட்ரலும் பிரிய வேண்டும். இரண்டு கிலோ சீலா மீன் வாங்குகிற காசுதான் ஆகும். அதுவும் இப்போது முடியாது என்றால் வீட்டு வயரிங்கைத் தொடாதீர்கள். ஜெனரேட்டரிலிருந்து நேராக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஃபிரிட்ஜையும் ஒரு ஃபேனையும் ஓட்டுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவது

கூடாது. ஜன்னலோரமும் கூடாது. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காலி டேங்க்

பறக்கும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன்; நிரப்பி வைத்தால் எந்தக் காற்றும் அசைக்காது. காவிரித் தண்ணீரும் பம்பிங்கில் வருவதுதான், கரண்ட் போனால் அதுவும் நிற்கும். 1 ஹெச்பி மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று கனவு காண வேண்டாம், ஸ்டார்ட் ஆகும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் போடுவது

புயலுக்குப் பிறகு வீட்டுச் சாமான்கள் அதிகம் எரிவது கரண்ட் போகும்போது அல்ல, வரும்போது. தெரு லைனில் நியூட்ரல் அறுந்திருந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 300, 400 வோல்ட் வரை வரும். பக்கத்து வீட்டில் அதே நேரம் லைட் மினுக்மினுக்கென்று அழும். கரண்ட் போனதுமே மெயினை இறக்கிவிடுங்கள். வந்ததும் ஒரு குண்டு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். சூரியன் மாதிரி எரிந்தாலும் மங்கினாலும் உடனே அணைத்துவிட்டு இபி புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்ற தைரியம்

கமுதியில் 648 மெகாவாட் சோலார் ஆலை இருக்கிற மாவட்டம்தான் நம்முடையது. ஆனால் மானியத்தில் போட்ட ஆன்-கிரிட் சோலார், அதாவது தெரு லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார், லைன் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் தானாக நின்றுவிடும். ரிப்பேர் இல்லை. லைன்மேன் உயிருக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே சொன்ன கதைதான். பேட்டரி இருந்தால் மட்டும் பேசுங்கள்.

பேட்டரிக்குப் போர் தண்ணீர்

நம்மூர் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. அதைப் பேட்டரியில் ஊற்றினால் உப்பு பிளேட்டைத் தின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான், மிதவையில் இருக்கிற கோட்டுக்கு மேல் போகாமல். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்ஹவர். கைக்கு வருவது ஆயிரம், ஆயிரத்து இருநூறு. பழைய 75 வாட் ஃபேன் இரண்டு, எல்இடி நாலு போட்டால் ஆறு மணி நேரம் தாங்கும். கரண்ட் கம்மியாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. இப்போதே ஒரு ராத்திரி மெயினை இறக்கிவிட்டு எத்தனை மணி ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் கத்தினால் பேட்டரி போய்விட்டது. கார்த்திகை மழையில் கடைக்காரன் சொன்ன விலைக்கு வாங்காமல் இப்போதே பேரம் பேசி வாங்கலாம்.

மழையில் டிரிப் ஆகிறது என்று இஎல்சிபியைக் கழற்றுவது

கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற பாதுகாப்பு சுவிட்ச்தான் இஎல்சிபி. எங்கோ சுவர் ஊறி, வயர் கசிகிறது என்று அது சொல்கிறது. எந்த ரூம் என்று போர்டில் இருக்கிற சின்ன எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, கசிகிற லைனை மட்டும் பிரித்து வைத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள். அநேகமாக மொட்டை மாடி லைட்டாகவோ வெளிச்சுவர் காலிங் பெல்லாகவோ இருக்கும்.