டிக்கெட் யாருக்கு, வரி யாருக்கு: ட்ரக் ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுந்தூர ட்ரக் ஓட்டுபவர்கள் பலரிடம் ஓர் எண்ணம் உறுதியாக இருக்கிறது: வண்டி நிறுவனத்துடையது, ஆகவே வண்டியால் வரும் டிக்கெட்டும் (போக்குவரத்து மீறலுக்கான அபராதச் சீட்டு) பெர்மிட்டும் நிறுவனத்தின் கவலை. இந்த எண்ணம் பாதிதான் சரி. ஓர் அபராதத்தை யார் செலுத்துவது என்பது ஒரு கேள்வி; அந்த மீறல் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பது வேறு கேள்வி. பணச் சுமையை ஒப்பந்தத்தின் மூலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றலாம். பதிவை அப்படி மாற்ற வழியில்லை. ஓட்டுநர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

வேகம், முறையற்ற தடமாற்றம், முன்னால் செல்லும் வண்டியை ஒட்டிச் செல்வது, ஓட்டும்போது கையில் கைபேசி வைத்திருப்பது ஆகியவற்றுக்குக் கிடைக்கும் டிக்கெட்டுகள் ஐயத்துக்கு இடமின்றி ஓட்டுநருடையவை. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி, அனுமதித்த வேகத்தைவிட மணிக்கு 15 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகச் செல்வது உட்பட இவை அனைத்தும் கடுமையான மீறல்கள் என்ற வகையில் அடங்கும். வணிக உரிமமான சிடிஎல் வைத்திருப்பவர் 3 ஆண்டுகளுக்குள் தனித்தனிச் சம்பவங்களில் இத்தகைய இரண்டு மீறல்களுக்குத் தண்டிக்கப்பட்டால் 60 நாட்களும், மூன்றாவதற்கு 120 நாட்களும் வணிக வண்டி ஓட்டும் தகுதியை இழக்கிறார். அபராதத்தை நிறுவனமே பெருந்தன்மையோடு கட்டிவிட்டாலும் இந்த நாட்கள் குறைவதில்லை.

இங்கே நடக்கும் முதல் தவறு, சாதாரணக் கார் ஓட்டுநர்களைப் போல, போக்குவரத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனால் டிக்கெட் மறைந்துவிடும் என்று நம்புவது. சிடிஎல் வைத்திருப்பவரின் தண்டனையை மறைக்கவோ, தள்ளிவைக்கவோ, மாற்றுத் திட்டத்தின் வழியாகப் பதிவிலிருந்து தவிர்க்கவோ மாநிலங்களுக்கு அனுமதி இல்லை. வாகன நிறுத்தம், எடை, வண்டிப் பழுது ஆகியவை மட்டுமே விலக்கு. விடுமுறை நாளில் சொந்தக் காரில் வாங்கிய டிக்கெட்டுக்கும் இதே தடை பொருந்தும் என்பது பலருக்குத் தாமதமாகவே தெரிய வருகிறது. ஆகவே வழக்கறிஞரை அணுகுவதாக இருந்தால், பணத்தைக் கட்டிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அணுக வேண்டும்.

இரண்டாவது தவறு மௌனம். வாகன நிறுத்தம் தவிர்ந்த எந்தப் போக்குவரத்து மீறலுக்குத் தண்டிக்கப்பட்டாலும், அது எந்த வண்டியில் நேர்ந்திருந்தாலும், சிடிஎல் வைத்திருப்பவர் 30 நாட்களுக்குள் தம் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமம் இடைநிறுத்தப்பட்டால் அவகாசம் இன்னும் குறைவு: அறிவிப்புக் கிடைத்ததற்கு அடுத்த வேலை நாள் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். வேறு மாநிலத்து டிக்கெட் வீட்டுக்கு வராது என்ற கணக்கும் பலிக்காது. பெரும்பாலான மாநிலங்கள் இவ்விவரங்களைப் பகிர்ந்துகொள்வதால், கவனிக்காமல் விட்ட டிக்கெட் சொந்த மாநிலத்து உரிமத்தையே முடக்கக்கூடும். தமிழர்கள் பலர் இத்தொழிலில் இருக்கும் ஒன்ராறியோவிலும் நிலைமை இதுதான். நியூயார்க், மிச்சிகன் மாநிலங்களுடன் அம்மாகாணம் செய்துள்ள உடன்பாட்டின்படி, அங்கே பெற்ற தண்டனைக்கு இங்கே குற்றப்புள்ளி ஏறும்.

தேய்ந்த டயர், எரியாத விளக்கு, செயலிழந்த பிரேக் போன்றவற்றில்தான் 'வண்டி என்னுடையது அல்ல' என்ற வாதம் அதிகம் கேட்கிறது. பழுது பார்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்பது உண்மைதான். ஆனால் வண்டி பாதுகாப்பாக இயங்கும் நிலையில் இருப்பதாகத் திருப்தி அடைந்த பின்னரே ஓட்ட வேண்டும் என்று விதி ஓட்டுநருக்கே கட்டளையிடுகிறது. சாலையோரச் சோதனையில் கண்டறியப்படும் மீறல், டிக்கெட் எழுதப்படாவிட்டாலும், நிறுவனத்தின் கணக்கிலும் ஓட்டுநரின் பெயரிலும் பதிவாகிறது. வேலைக்கு எடுப்பதற்கு முன் நிறுவனங்கள் பார்க்கும் பிஎஸ்பி அறிக்கையில் 5 ஆண்டு விபத்துகளும் 3 ஆண்டுச் சோதனைகளும் இருக்கும். நிறுவனம் மாறினாலும் அந்த வரலாறு கூடவே வரும். நீதிமன்றம் டிக்கெட்டைத் தள்ளுபடி செய்தால் இப்பதிவு தானாக அழிந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. டேட்டாகியூஸ் என்ற இணைய அமைப்பில், தீர்ப்பின் நகலுடன் விண்ணப்பித்துத் திருத்தம் கோர வேண்டும். சோதனை அறிக்கையை நிறுவனத்திடம் சேர்ப்பதும் ஓட்டுநரின் கடமையே. 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் முனையத்தை அடைய முடியாதென்றால் உடனே அனுப்பிவிட வேண்டும்.

எரிபொருள் வரியில் குழப்பம் இன்னும் ஆழமானது. இஃப்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு எரிபொருள் வரி உடன்பாட்டில் அமெரிக்காவின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் உள்ளன. 26,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும், எடை எதுவானாலும் மூன்று அச்சுகளோ அதற்கு மேலோ கொண்ட வண்டிகளும் மாநில, மாகாண எல்லை தாண்டும்போது இதற்கு உட்படும். இஃப்டா உரிமத்தின் நகல் வண்டிக்குள்ளும், ஸ்டிக்கர்கள் கேபினின் இரு பக்கங்களிலும் இருக்க வேண்டும். காலாவதியான ஸ்டிக்கரோடு எல்லையைக் கடப்பவரைத்தான் அதிகாரி நிறுத்துவார். அலுவலகத்தில் இருப்பவரை அல்ல. இதைப் புறப்படும்போதே பார்த்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.

வரியைப் பொறுத்தவரை பரவலான தவறு, பம்பில் விலை குறைவாக இருக்கும் மாநிலத்தில் டேங்கை நிரப்பினால் லாபம் என்று கருதுவது. எரிபொருளை எங்கே வாங்கினோம் என்பதை வைத்து அல்ல, எங்கே எரித்தோம் என்பதை வைத்தே இஃப்டா வரி கணக்கிடப்படுகிறது. ஒரு காலாண்டில் ஒரு வண்டி 24,000 மைல் ஓடி 4,000 கேலன் டீசல் செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். கேலனுக்கு 6 மைல். அதில் 3,000 மைல் பென்சில்வேனியாவில் ஓடியிருந்தால், அம்மாநிலத்துக்கு 500 கேலனுக்கு வரி உண்டு. அங்கே வாங்கியது 100 கேலன் மட்டும் என்றால், மீதி 400 கேலனுக்கான வரியைக் காலாண்டு அறிக்கையோடு செலுத்த வேண்டும். ஆகவே ஒப்பிட வேண்டியது வரியைக் கழித்த விலையை. 60 காசு வரி உட்பட 4 டாலருக்கு விற்கும் டீசல், 20 காசு வரி உட்பட 3 டாலர் 80 காசுக்கு விற்கும் டீசலைவிட உண்மையில் மலிவானது. முதலாவதன் அடிப்படை விலை 3.40, இரண்டாவதன் அடிப்படை விலை 3.60.

ரசீதைத் தொலைப்பதும் மைல் கணக்கை நினைவிலிருந்து எழுதுவதும் இதைவிட விலை கூடிய தவறுகள். ரசீது இல்லாவிட்டால் வரி கட்டி வாங்கியதற்கான வரவு கிடைக்காது. பதிவுகள் போதாதபோது தணிக்கையாளர், கேலனுக்கு இத்தனை மைல் என்று அறிக்கையில் காட்டிய அளவை 20 சதவீதம் குறைக்கலாம், அல்லது கேலனுக்கு 4 மைல் என்று தாமே நிர்ணயிக்கலாம். 4 மைல் என்று வைத்தால், மேற்கண்ட வண்டி பென்சில்வேனியாவில் எரித்தது 750 கேலன் ஆகிவிடும். சுமையில்லாமல் ஓடிய மைல்களையும், சொந்த வேலையாக ஓடிய மைல்களையும் சேர்க்காமல் விடுவதும் இதே வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும். குளிர்பதனப் பெட்டிக்கு வாங்கிய டீசலைத் தனியாக ரசீது போட்டுக்கொள்ள வேண்டும். பதிவுகளை 4 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31 ஆகியவை அறிக்கைக்கான கடைசி நாட்கள். ஓட்டமே இல்லாத காலாண்டுக்கும் அறிக்கை உண்டு. தவறினால் 50 டாலர் அல்லது நிகர வரியில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

இஃப்டா ஸ்டிக்கர் எல்லா வரிகளையும் தீர்த்துவிடுகிறது என்று நினைப்பவர்களை ஓரிகன், நியூயார்க், கென்டக்கி, நியூமெக்சிகோ, கனெக்டிகட் ஆகிய மாநிலங்கள் திருத்திவிடும். எடையையும் தூரத்தையும் வைத்து விதிக்கப்படும் தனி வரிகள் அங்கே உள்ளன. இவற்றுக்குத் தனிக் கணக்கு தேவை; சில மாநிலங்களில் தற்காலிகப் பெர்மிட்டும் போதும். பெர்மிட்டை எல்லைக்குள் நுழைவதற்கு முன்பே வாங்கிக்கொள்வது நல்லது.

இனி, யார் பணம் கட்டுவது? சொந்த வண்டியை நிறுவனத்துக்கு லீஸில் விடும் ஓனர் ஆபரேட்டர்கள் இக்கேள்வியைக் கையெழுத்துக்கு முன் கேட்பதில்லை. எரிபொருள், எரிபொருள் வரி, பெர்மிட் ஆகியவை யார் செலவு என்று லீஸில் தெளிவாக எழுத வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. 30 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் லீஸ் வரியைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், இஃப்டா அறிக்கைப் பொறுப்பு லீஸுக்கு எடுத்த நிறுவனத்தைச் சேரும். முன்பே ஏற்றி முத்திரையிட்ட ட்ரெய்லர், கண்டெய்னர் போன்று ஓனர் ஆபரேட்டரின் கட்டுப்பாட்டில் இல்லாத சரக்கு எடை மீறியிருந்தால், அவருடைய செயலாலோ தவறாலோ அது நேராதவரை, அபராதத்தை நிறுவனமே ஏற்க வேண்டும். அவர் கட்டியிருந்தால் திருப்பித் தர வேண்டும். 'எல்லா அபராதமும் உன்னுடையது' என்று ஒரு வரியில் எழுதி நீட்டப்படும் லீஸ்களைப் பார்க்கும்போது, இந்த விதியைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்கு மாநிலச் சட்டங்களில் பாதுகாப்பு கிடைப்பதுண்டு. எடுத்துக்காட்டாக, எடை, பதிவு, வண்டி உபகரணம் தொடர்பான வழக்கில், கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 40003ஆம் பிரிவின்படி, ஊழியர் கோரினால் உரிமையாளரையும் நீதிமன்றம் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். வண்டி சட்டப்படி இருந்ததாக நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருந்து, உரிமையாளரும் குற்றவாளி என்று தீர்ந்தால், ஊழியர் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் வாய் திறந்து கேட்காதவருக்கு இந்தப் பிரிவு உதவாது.

பழுதான வண்டியை எடுக்கச் சொல்லி, ஓட்டங்களை ஒதுக்கும் அலுவலரான டிஸ்பேச்சர் வற்புறுத்தினால், எந்தப் பாதுகாப்பு விதி மீறப்படும் என்பதைக் குறிப்பிட்டு, குறுஞ்செய்தியாகவேனும் எழுத்தில் மறுக்க வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள வற்புறுத்தல் தடை விதியின் கீழ், கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் 90 நாட்களுக்குள் புகார் செய்யலாம். மறுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கினால், தொழிலாளர் துறையின்கீழ் உள்ள பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவிடம் புகார் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது, மறுத்ததற்கான சான்று.