குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு தனியாகக் கோலாலம்பூர் போவது எப்படி?

போன வருஷம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டர் முன்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. “மேடம், டிக்கெட்ல இருக்கிற பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரும் ஒண்ணா இல்லையே” என்றார் அங்கே இருந்த பெண். முதல் முறையாகத் தனியாக வெளிநாடு கிளம்புகிறேன். வழியனுப்ப வந்த அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒன்றும் தெரியாமல் கையாட்டிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் எடுப்பது, பெட்டி அடுக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

படி 1: ஊரை முடிவு செய்யுங்கள்

தனியாகப் போகும் முதல் பயணத்துக்கு நான் மலேசியாவைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேரம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். 2026 இறுதிவரை இந்தச் சலுகை உண்டு. வழி கேட்கத் தமிழ் போதும் என்கிற தைரியம் வேறு.

படி 2: டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். நம் ஊரில் பலருக்கு ஒரே பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல். என் பெயர் மலர்விழி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’ கட்டத்தில் மலர்விழி. ‘சர்நேம்’ கட்டம் காலி. டிக்கெட் எடுக்கும் தளம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. சரி, இனிஷியல்தானே என்று ‘ஆர்’ போட்டேன். நமக்கு அது அப்பா பெயர். கம்ப்யூட்டருக்கு அது பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு எழுத்து.

என்ன செய்ய வேண்டும்? முதலில், எந்த விமானத்தில் போகிறீர்களோ அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில், ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் எப்படி நிரப்ப வேண்டும் என்று தேடிப் படியுங்கள். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். சிலர் குடும்பப் பெயர் இல்லை என்பதைக் குறிக்கும் ‘எல்என்யூ’ போடச் சொல்வார்கள். ஒரு நிறுவனத்தின் வழக்கம் இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஊகித்து எதையும் போடாதீர்கள். கணவர் பெயரையும் போடாதீர்கள். அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கலாம், அது உங்கள் பெயர் ஆகிவிடாது.

இரண்டாவது, டிக்கெட்டை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். நான் முந்நூறு ரூபாய் மிச்சம் என்று இடைத்தளம் ஒன்றில் எடுத்திருந்தேன். திருத்தம் கேட்டபோது கவுண்டரில் அவர்களைக் கேளுங்கள் என்றார்கள், போனில் கவுண்டரைக் கேளுங்கள் என்றார்கள். நாற்பது நிமிடம் இப்படியே போய், கடைசியில் ஒரு மேலதிகாரி மனம் இரங்கித் திருத்தினார். அதற்கு நான் கட்டிய பணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் பறந்தது.

அமெரிக்க விசாவில் கதை இன்னும் வேடிக்கை. ஒற்றைப் பெயர் முழுக்கக் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் ‘எஃப்என்யூ’ என்று விழும். என் அத்தை பெண்ணை அங்கே ஆபீஸில் கொஞ்ச நாள் ‘ஃப்னூ’ என்றே கூப்பிட்டார்களாம்.

படி 3: வருகை அட்டை

மலேசியாவுக்குள் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ‘எம்டிஏசி’ எனும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இது இலவசம். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்களும் வரும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளமா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் தங்குமிட ரசீதையும் காகிதத்தில் எடுத்து வையுங்கள். போன் சார்ஜை நம்பி வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்காது.

படி 4: கார்டைத் திறந்து வையுங்கள்

ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். இதைக் கோலாலம்பூர் விமான நிலையத்தில், ரயில் டிக்கெட் மெஷின் முன்னால் தெரிந்துகொண்டேன். ஆன் செய்யப் போனால் ஓடிபி கேட்டது. ரோமிங் போடாததால் எஸ்எம்எஸ் வரவில்லை. தி.நகரில் மாற்றிக் கொண்டுபோன முந்நூறு ரிங்கிட்தான் காப்பாற்றியது. ஆகவே கார்டு, ரோமிங் இரண்டையும் வீட்டில் இருக்கும்போதே ஆன் செய்துவிடுங்கள். அங்கே சிம் வாங்கினாலும் சென்னை சிம்மைக் கழற்றாதீர்கள்.

சார்ஜருக்கு ஒரு அடாப்டர் வேண்டும். அங்கே சுவரில் பிரிட்டன் மாதிரிச் செவ்வகத் துளைகள்தான்.

படி 5: நள்ளிரவில் இறங்காதீர்கள்

தெரியாத ஊரில் நள்ளிரவில் இறங்கும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு பதினொன்றரைக்கு ஏறினால் அங்கே காலை ஆறு. விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் போய்விடலாம், கட்டணம் 55 ரிங்கிட். அதிகம்தான், ஆனாலும் முதல் நாள் கொடுக்கலாம்.

தங்க, ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ். முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் புக் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும், பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நான் போன காலையில் வரவேற்பில் இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா மா?” பாஸ்போர்ட்டை அப்புறம்தான் கேட்டார்.

படி 6: ஊருக்குள்

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்தே கேடிஎம் கொமுட்டர் ரயில் போகிறது. 2010 முதல் அதில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்புப் பலகையைப் பாருங்கள். பீச்–தாம்பரம் லோக்கலில் லேடீஸ் கோச்சில் ஏறிவிட்டுத் தெரியாத மாதிரி நிற்கும் அண்ணன்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு 272 படி. முழங்காலை மறைக்கும் உடை வேண்டும், சுடிதார் என்றால் கவலையே இல்லை. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் நம்மைவிட வேகம்.

பிற்சேர்க்கை 1: துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கத் தன் அம்மா போகலாமா, அவருக்கும் ஒற்றைப் பெயர்தான் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அங்கே சிக்கல் விமான டிக்கெட்டோடு நிற்காது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால், வந்திறங்கி விசா பெறும் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் பிறகு தளர்த்தினார்கள். அம்மாவுக்கு முன்கூட்டியே எடுக்கும் விசா என்பதால், பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து ‘சர்நேம்’ கட்டத்தை நிரப்பிவிடுவதே நல்லது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று சேவா மையங்கள் உண்டு.

பிற்சேர்க்கை 2: “ஊருக்குச் சொல்லிவிட்டு நீங்கள் ஏன் இன்னும் மாற்றவில்லை?” என்று இன்னொருவர் கேட்டார். நியாயம். தாம்பரத்தில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரா, அம்மா பெயரா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.