சிறு இசைக்குழுவுக்கான ஒலிக்கருவிகளும் கேபிள்களும்: பார்த்து வாங்கும் முறை

ஒலிக்கருவி வாங்கப் புறப்படும் குழு, எதையும் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, மேடையில் யார் எங்கே நிற்பார், ஒவ்வொருவரிடமிருந்தும் எத்தனை ஒலிகள், அவற்றைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸருக்கு வர வேண்டும் என்று வரைந்து பார்க்க வேண்டும். பாடுபவர்கள் மூவர், அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று, பேஸ் கிட்டார் ஒன்று, கீபோர்டுக்கு இடமும் வலமுமாக இரண்டு, டிரம்ஸில் கிக் டிரம்முக்கு மட்டும் ஒன்று என்று எண்ணினால் 8 உள்ளீடுகள் ஆகின்றன. இதோடு நான்கைக் கூட்டிக்கொண்டு 12 உள்ளீடுகளுக்குத் திட்டமிடுவது நல்லது. ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து புல்லாங்குழல் வாசிப்பவரும், இடைவேளையில் பாட்டுப் போடும் கைபேசியும், திடீரென்று பழுதாகும் ஒரு சேனலும் எப்படியும் வந்து சேரும். மிக்ஸரின் பெட்டியில் 12 சேனல் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல மிக்ஸர்களில் அந்த எண்ணிக்கை கீபோர்டு, கைபேசி போன்றவற்றுக்கான ஸ்டீரியோ லைன் உள்ளீடுகளையும் சேர்த்துச் சொல்வது. மைக் செருகக்கூடிய எக்ஸ்எல்ஆர் துளைகளை விரல்விட்டு எண்ணினால் நான்கோ ஆறோதான் இருக்கும்.

ஸ்பீக்கர் வாங்கும்போதுதான் பெரும்பாலான குழுக்கள் வாட் கணக்கில் மயங்கிப் பணத்தை இழக்கின்றன. ஒலியைப் பெருக்கும் ஆம்பின் திறன் இரண்டு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் தேவைப்படும். 500 வாட் வாங்குவதா, 1000 வாட் வாங்குவதா என்று தடுமாறுபவர்கள் உண்மையில் மிகச் சிறிய வேறுபாட்டுக்காகத்தான் தடுமாறுகிறார்கள். அதிலும் அந்த எண் ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்சத் திறனா, இடைவிடாமல் தரக்கூடிய தொடர் திறனா என்று பார்த்தால் பல சமயம் வேறுபாடே இல்லாமல் போகும். வாட்டுக்குப் பதிலாக, அதிகபட்ச ஒலி அழுத்தம் எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். அந்த அளவு வழக்கமாக 1 மீட்டர் தூரத்துக்குச் சொல்லப்படுவது. திறந்தவெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறைவதால், 1 மீட்டரில் 120 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் 16 மீட்டரில் 96 டெசிபெல்தான் தரும். மூடிய அரங்கில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் தெளிவும் குறையும்.

நூறு பேர் அளவுக்கு உட்காரும் கூடத்தில் பாடும் குழுவுக்கு 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி பெரும்பாலும் போதும். 15 அங்குலத்தில் தாழ்ந்த சுரங்கள் கனமாக வரும். ஆனால் குரலுக்கு உயிரான நடுப்பகுதியில் 12 அங்குலம் தெளிவாக இருப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தாழ்ந்த சுரங்களை மட்டும் தரும் சப்வூஃபரைப் பற்றி, கிக் டிரம்மையும் பேஸையும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பும் அளவுக்குப் பெரிய இடங்களில் வாசிக்கத் தொடங்கிய பிறகு யோசித்தால் போதும். ஸ்பீக்கரோடு சேர்த்து நல்ல ஸ்டாண்டையும் வாங்கிவிடுங்கள். உயர்ந்த சுரங்களைத் தரும் ஹார்ன், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே இருக்கும்படி ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தால் கடைசி வரிசைக்கும் சொற்கள் புரியும். தரையில் வைத்தால் முதல் இரண்டு வரிசைகளின் உடம்பே அந்த ஒலியை விழுங்கிவிடும்.

ஆம்ப் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கரா, தனி ஆம்ப் வேண்டியிருக்கும் பாஸிவ் ஸ்பீக்கரா என்ற கேள்விக்கு, புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் தயக்கமில்லாமல் ஆக்டிவ் என்றே சொல்வேன். ஸ்பீக்கருக்குப் பொருத்தமான ஆம்பும், அளவு மீறாமல் காக்கும் லிமிட்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் தவறு செய்ய வாய்ப்புக் குறைவு. பாஸிவ் என்றால் ஓம் (மின்தடை) கணக்கை மறக்கவே கூடாது: 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்தால் ஆம்புக்கு அது 4 ஓம், நான்கைச் சேர்த்தால் 2 ஓம். 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்ப் அங்கே சூடேறி நின்றுபோகும்.

மைக் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். மேடையில் பாடுவதற்கு டைனமிக் வகை மைக்கே ஏற்றது. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக் 1966ஆம் ஆண்டு வெளிவந்தது. கீழே விழுந்தாலும் வியர்வை பட்டாலும் தாங்குவதால் இன்றும் மேடைகளில் அது நிற்கிறது. மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரம் (பாண்டம் பவர்) வேண்டியிருக்கும் கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய மேடையில் அது பாடகரின் குரலோடு பின்னால் இருக்கும் சிம்பலையும் சேர்த்தே வாங்கிக் கொடுக்கும். மைக்கின் திசைத்தன்மையை, அதாவது எந்தப் பக்கத்து ஒலியை அது வாங்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாடகர் தன் குரலைக் கேட்க அவரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது அதைப் பொறுத்தது. கார்டியாய்டு மைக் தன் நேர் பின்பக்கத்தில் மிகக் குறைவாகக் கேட்கும் என்பதால் மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே இருக்கலாம். சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு அந்தக் குருட்டுப் பகுதி ஏறத்தாழ 125 பாகையில், அதாவது பின்பக்கத்துக்குச் சற்று இருபுறமும் இருப்பதால், மானிட்டரைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகர் இந்த ஏற்பாடு முழுவதையும் கெடுத்துவிடுகிறார். மைக் கூவத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

மானிட்டரைக் கடைசியில் மிஞ்சிய பணத்தில் வாங்கும் வழக்கத்தைக் குழுக்கள் விட்டுவிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்துவார். கத்தும்போது சுருதி விலகும். அதைக் கேட்டுக் கிட்டார்காரர் தன் ஆம்பைக் கூட்டுவார். நல்ல மானிட்டர் ஒன்று இருந்தால் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரு மடங்காகும்போதெல்லாம் கூவாமல் கூட்டக்கூடிய ஒலியளவு 3 டெசிபெல் குறைகிறது. ஆகவே பாடாதவருக்கு முன்னால் மைக் வைக்காமல் இருப்பதும், வைத்ததைத் தேவையில்லாதபோது மூடிவைப்பதும் செலவில்லாத நிவாரணம்.

மிக்ஸரில் நான் முதலில் தேடுவது, சேனலின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே ஒலியைப் பிரித்து மானிட்டருக்கு அனுப்பும் ஆக்ஸ் வழிகள் எத்தனை என்பதை. இரண்டாவது வேண்டியது ஒவ்வொரு மைக் சேனலிலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான். மேடை அதிர்வும் மூச்சுக் காற்றும் அதில் பெருமளவு அடங்கிவிடும். இதற்கு மேல் டிஜிட்டலா அனலாக்கா என்பது குழுவின் பழக்கத்தைப் பொறுத்தது. டிஜிட்டல் மிக்ஸர் போன நிகழ்ச்சியின் அமைப்பை நினைவில் வைத்திருக்கும், டேப்லெட்டில் இயக்கிக்கொண்டே கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேட்கலாம். ஆனால் கூடம் நிறைந்து கைபேசிகள் பெருகும்போது மிக்ஸருக்குள்ளேயே இருக்கும் வைஃபை துண்டிக்கப்படுவது உண்டு. தனியாக ஒரு ரவுட்டரையும், அதுவும் கைவிட்டால் கம்பி வழியாக இணைக்கும் வசதியையும் கூடவே கொண்டுபோவது அவசியம்.

இனி கேபிள். என் அனுபவத்தில் நிகழ்ச்சியை நிறுத்திய பழுதுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வந்தன, ஆனால் குழுக்கள் மிகக் குறைவாக யோசித்து வாங்குவதும் இதைத்தான். ஒத்திகை ஒன்றில் ஆம்புக்கும் பாஸிவ் ஸ்பீக்கருக்கும் இடையில் போட வேண்டிய கேபிள் கிடைக்காமல், கையில் இருந்த கிட்டார் கேபிளை நானே செருகினேன். இரண்டு பக்கமும் அதே 6.35 மில்லிமீட்டர் பிளக், கச்சிதமாகப் பொருந்தியது. மூன்றாவது பாட்டில் ஒலி மங்கியது. குனிந்து பிளக்கைத் தொட்டபோது விரல் சுட்டது, உறை இளகி ரப்பர் வாடை அடித்தது. வெளியிலிருந்து பார்க்க ஒரேபோல் இருக்கும் கேபிள்கள் உள்ளே முற்றிலும் வேறானவை என்பதை அன்று விரலால் கற்றுக்கொண்டேன்.

அந்த வேறுபாடு கணக்கிலும் தெளிவாகத் தெரியும். மைக் கேபிளுக்குள் ஓடும் கம்பியின் குறுக்குப் பரப்பு வழக்கமாக 0.22 சதுர மில்லிமீட்டர்; கிட்டார் கேபிளின் நடுக்கம்பியும் இதேபோல் மெல்லியதுதான். அத்தகைய கம்பியில் 10 மீட்டர் போய்வரும் பாதைக்கு ஏறத்தாழ 1.6 ஓம் தடை இருக்கிறது. அதை 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போட்டால் திறனில் ஆறில் ஒரு பங்கு கம்பியிலேயே வெப்பமாகிப் போகும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் கேபிள் போட்டால் தடை 0.14 ஓம்தான். நீளம் குறைவென்றால் 1.5 சதுர மில்லிமீட்டரே போதும். ஸ்பீக்கர் கேபிளுக்கு முடிந்தவரை ஸ்பீகான் கனெக்டரையே தேர்ந்தெடுங்கள். அது செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், கிட்டாரில் தவறுதலாகச் செருகவும் முடியாது. தவறு மறுபக்கமாகவும் நடக்கக்கூடும்: ஸ்பீக்கர் கேபிளில் கவசப் பின்னல் கிடையாது என்பதால், அதைக் கிட்டாருக்குப் போட்டால் மின்கம்பியின் உறுமல் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

மைக் கேபிள் நீளமாக இருந்தாலும் இரைச்சல் வராததற்குக் காரணம் அதன் அமைப்பு. எக்ஸ்எல்ஆர் கனெக்டரில் 1ஆம் ஊசி கவசத்துக்கு உரியது. 2இலும் 3இலும் ஒரே ஒலி ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வருகிறது. வழியில் தொற்றும் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே மாதிரி தாக்குகிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் தானே கழிந்துவிடுகிறது, பாட்டு நிற்கிறது. ஆகவே 30 மீட்டர் மைக் கேபிளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கிட்டார் கேபிளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தவிர, அதன் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்குத் திறனைச் சேர்ப்பதால், மின்கலம் இல்லாத பாஸிவ் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) கொண்ட கிட்டாரின் உயர்ந்த சுரங்கள் நீளம் கூடக்கூட மழுங்கும். 6 மீட்டரைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் தூரம் வேண்டுமென்றால் கருவியின் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு டிஐ பெட்டியை மேடையிலேயே வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொண்டுபோக வேண்டும். கீபோர்டுக்கு, மின்சாரம் தேவைப்படாத பாஸிவ் டிஐ போதும். பியெசோ பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஆக்டிவ் டிஐ வேண்டும், இல்லையென்றால் ஒலி மெலிந்து தகரம்போலக் கேட்கும்.

வாங்குவதற்கு முன் கனெக்டரின் உறையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கழற்றவே முடியாதபடி வார்த்து ஒட்டியிருந்தால் அந்தக் கேபிளை வைத்துவிடுங்கள். பழுதானால் குப்பைக்குத்தான் போகும். உள்ளே ஈயப்பற்று வழவழப்பாக, கம்பியைச் சுற்றிப் படிந்திருக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு மேலே உட்கார்ந்திருந்தால் சில மாதங்களில் விட்டுவிடும். கவசப் பின்னலின் ஒற்றை இழைகூட அடுத்த ஊசியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கேபிளை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான் வெளியுறையைப் பிடித்திருக்கிறதா, உள்கம்பிகளையா என்று பாருங்கள்; உள்கம்பிகளைப் பிடித்திருந்தால் ஒவ்வொரு இழுப்பும் ஈயப்பற்றின் மேல் விழும். கவசம் பின்னலாகவோ சுருளாகவோ இருப்பது மேடைக்கு ஏற்றது; தாள்போன்ற உலோகத் தகடு சுற்றியது சுவருக்குள் நிலையாகப் பதிக்க நன்று, தினமும் சுருட்டி விரித்தால் கிழிந்துவிடும். பொன்முலாம் பூசிய பிளக்குக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

நீளத்தை மேடையின் குறுக்காக அளக்காமல் ஓரமாக நடந்து அளந்து, 2 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸர் கூடத்தின் நடுவில் இருந்தால் எட்டுக் கேபிள்களைத் தனித்தனியாக இழுப்பதைவிட எல்லாவற்றையும் மேடையிலேயே செருகி ஒரே தடித்த கேபிளில் கொண்டுபோகும் ஸ்டேஜ் பாக்ஸ் வாங்குவது காலில் இடறாமலும் காக்கும்.

மின்சாரத்தில் சமரசம் கூடாது. உறுமல் கேட்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டுவதும் நீக்குவதும் உயிருக்கு ஆபத்து. மைக்கில் உதடு படும் பாடகரின் வழியாகத்தான் பழுதான கருவியில் கசியும் மின்சாரம் இறங்கும். உறுமலுக்கு டிஐ பெட்டியிலேயே, ஒலிக் கேபிளின் கவச இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திப் பாருங்கள். மேடைக் கருவிகளும் மிக்ஸரும் ஒரே மின்வழியிலிருந்து மின்சாரம் எடுத்தாலே பாதி உறுமல் போய்விடும். மின்கம்பியும் ஒலிக் கேபிளும் சந்திக்க நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும், பக்கத்தில் இணையாக ஓட வேண்டாம். உருளையில் சுற்றிய மின்நீட்டிப்பை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே சுமையேற்றினால் உள்சுற்றுகள் வெப்பத்தில் உருகும். மிக்ஸரை முதலில் போட்டு ஸ்பீக்கரைக் கடைசியில் போடுவதும், அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணைப்பதும் ஹார்னைக் காக்கும் பழக்கம்.

ஒவ்வொரு வகைக் கேபிளிலும் குறைந்தது ஒன்றை உபரியாக வைத்திருங்கள். ஒரு கேபிள் டெஸ்டரும் பையில் இருக்கட்டும். சுருட்டும்போது முழங்கையில் சுற்றாமல், ஒரு சுற்று நேராகவும் அடுத்த சுற்று உள்மடிப்பாகவும் மாற்றி மாற்றிப் போட்டால் உள்கம்பி முறுக்கேறாது. மேடையில் ஒரு கேபிள் கரகரத்தால் உடனே கழற்றி, அதன் நடுவில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுத் தனியே வையுங்கள். வீட்டுக்கு வந்து ஈயம் வைத்துச் சோதித்த பிறகுதான் அந்த முடிச்சை அவிழ்த்துப் பையில் சேர்க்க வேண்டும்.